உட்காரச் சொன்ன கடை

எங்கள் கடைக்கு ஸ்டூல் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம். காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு, சிதம்பரம் கிளையின் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இருபது சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகி, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. முதலாளியே கடலூரிலிருந்து வந்து, பக்கத்தில் நின்று இறக்கினார். கவுன்டருக்கு ஒன்றாகப் போட்டு முடித்ததும் எங்களை மாடிப்படி அருகே கூப்பிட்டார்.

“இனிமே யாரும் கால் கடுக்க நிக்க வாணாம். கூட்டம் இல்லாதப்ப உக்காருங்க. யார் எப்ப உக்காரணும்னு நானும் சொல்ல மாட்டேன், சூப்பர்வைசரும் சொல்ல மாட்டாரு. இது உங்க கடை. நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்க” என்றார்.

கைதட்டினோம். எனக்குக் கண்கூடக் கலங்கியது. சொன்னவர் அதோடு நிற்கவில்லை. கல்லாவில் இருந்த தன்னுடைய சுழல் நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். “நீங்க இத்தினி வருசம் நின்னீங்க. இனிமே நான் நிக்கிறேன்” என்று சிரித்தார். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காக வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர், அன்று காலை பத்து மணியிலிருந்து கல்லாவில் நின்றார். அது நல்ல மனசா, இல்லை எங்களை நன்றாகத் தெரிந்த மனசா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வேட்டி செக்‌ஷனில் ஒரு பெரியவர் இருந்தார். அன்று மதியம் மூன்று மணிக்குக் கடையில் ஈ காக்கை இல்லை. அவர் மட்டும் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காட்டன் செக்‌ஷன் பெண்கள் இரண்டு பேர் முதலில் கல்லாவைப் பார்த்தார்கள், பிறகு பெரியவரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அவர் எழுந்துவிட்டார். மறுநாள் அந்த ஸ்டூலின் மேல் வேட்டிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு வாரத்துக்குள் இருபது ஸ்டூலிலும் துணிதான் உட்கார்ந்திருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் கடையில் சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரிகள் நாங்கள் இருபது பேர். தலைமைப் பூசாரி நான்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரி. முதலாளியின் பெரிய கடை அங்கேதான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பைபாஸில் லாரி மோதி இறந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. நான் அந்தக் கடையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. முதலாளி கடையை அரை நாள் மூடிவிட்டு, மொத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். என் சொந்த அண்ணன் மாலையோடு வந்து அரை மணி நேரத்தில் கிளம்பிப் போன இடத்தில், அவர் வெயிலில் கடைசிவரை நின்றார். பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனபோது, “ஏன்மா இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். அதன் பிறகு பதினான்கு வருடம், ஜுரம் என்றும் லீவு போட்டதில்லை, மகள் வயதுக்கு வந்த அன்றும் மதியத்துக்கு மேல் கடைக்குப் போனேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சிதம்பரத்தில் கிளை திறந்தபோது, “நீ போய் நின்னா எனக்கு நிம்மதி” என்றார். தினமும் போக வர இரண்டரை மணி நேரம் பஸ். பட்டுச் சேலை செக்‌ஷனில் மூத்தவள் நான். பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் நான் நின்றால் எல்லோரும் நிற்பார்கள்.

சேலை செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்வார்கள். இரண்டு எடுப்பார்கள். மிச்சம் முப்பத்தெட்டும் கவுன்டரில் குவிந்து கிடக்கும். பிரித்துக் காட்டியவள்தான் அந்தக் குவியலைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைக்க வேண்டும். அதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிட்டால், பக்கத்துக் கவுன்டர்க்காரி அவளுடைய குவியலை எடுத்து மடிப்பாள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் யாருடைய குவியலை யார் மடித்தார்கள் என்பது ஒருத்திக்கும் மறக்காது.

எனக்கு அடுத்த கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள். பரங்கிப்பேட்டையைத் தாண்டிக் கடலோரக் குப்பம் அவள் ஊர். இருபத்துமூன்று வயது. புருஷன் படகில் போகிறவன். சேர்ந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாடை அடிக்கிறது என்றார்கள். ஒரு வாடையும் இல்லை. அவள் விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பவுடர் அப்பி, இரண்டு முழம் மல்லி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். சொன்னவர்களுக்கும் அது தெரியும். நானும் அந்த மாதம் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அவள் டப்பாவில் மீன் கொண்டு வருவதையே நிறுத்தி, எங்களைப் போலத் தயிர்சாதமும் ஊறுகாயும் கொண்டுவரத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டோம்.

வேலையில் கெட்டிக்காரி. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே என்ன நிறம் எடுப்பார்கள் என்று சொல்லிவிடுவாள். பரங்கிப்பேட்டைப் பெண்கள், வெளிநாட்டிலிருந்து வந்த புருஷனோடு வருபவர்கள், அவளைத்தான் தேடி வருவார்கள். தன் குவியலை யாரையும் மடிக்க விட மாட்டாள். மற்றவர்கள் குவியலை ஓடி ஓடி மடிப்பாள். இன்னும் யாரோ தன்னை வாசலில் நிறுத்தி வைத்திருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு தப்பில்லை.

ஆவணி மாதம் அவளுக்கு ஏழாம் மாதம். எங்கள் கடையில் கர்ப்பமான பெண்களுக்கு வளைகாப்பு செய்வது முதலாளியம்மாவின் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, கடை திறப்பதற்கு முன்னால், பட்டு செக்‌ஷன் மெத்தையில் அவளை உட்கார வைத்து, நலுங்கு வைத்து, ஒவ்வொருத்தியாக வளையல் போட்டோம். ஐந்து வகைச் சாதம் கடலூரிலிருந்து வந்தது. முதலாளியம்மா அவளுக்குத் தன் கையால் ஊட்டினார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

“எங்க வூட்ல கூட இவ்ளோ செய்யலக்கா. இப்பதான் நானும் இந்தக் கடைப் பொண்ணுன்னு தெரியுது” என்று என் தோளில் சாய்ந்தாள்.

நானும் அவளை அணைத்துக்கொண்டேன். அந்த அணைப்பில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது.

அடுத்த திங்கள்கிழமை அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூலில் இருந்த சேலைகளை எடுத்து ராக்கில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள். வளைகாப்பு செய்த கடை தன்னை உட்கார விடும் என்று நம்பியிருக்கிறாள். அவள் முன்னால் பதினைந்து இருபது சேலைக் குவியல் இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மடிக்கலாம் என்றுதான் இருந்திருப்பாள்.

எனக்குக் கோபம் வந்தது. என்ன கோபம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு பாத்திரக் கடையில் ஒன்பதாம் மாதம்வரை நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இவளுக்கு மட்டும் என்ன?

நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் அவள் கவுன்டருக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல், அவள் கண் முன்னாலேயே அவள் குவியலை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சேலையையும் உதறி, கரையோடு கரை சேர்த்து, நிதானமாக மடித்தேன். இரண்டாவது சேலையிலேயே அவள் எழுந்துவிட்டாள்.

“குடுங்கக்கா, நான் மடிக்கிறேன்.”

“நீ உக்காரு பாப்பா. மாசமா இருக்கற பொண்ணு. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?”

பேச்சு தேன்தான். செக்‌ஷனில் எல்லோரும் கேட்டார்கள். காட்டன் பெண்களில் ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்தவள் சேலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், நான் விடவில்லை. கடைசிச் சேலைவரை நானே மடித்தேன். செவ்வாய்க்கிழமையும் அவள் ஒருமுறை உட்கார்ந்தாள், அன்றும் அதையே செய்தேன். புதன்கிழமை அவள் நின்றாள். அவளுடைய ஸ்டூலில் மறுபடியும் சேலை ஏறியது. அதை ஏற்றி வைத்தவள் அவளேதான்.

அந்த மாதக் கடைசியில் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். ஸ்டூல்களை எண்ணினார். நல்ல மனிதர்தான், முதலாளியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நேராக அவளிடம் வந்தார். வயிறு தெரிந்ததே!

“உக்கார வுடுறாங்களாம்மா? பயப்படாம சொல்லு.”

“யாரும் ஒண்ணும் சொல்றதில்ல சார். நாங்களேதான் உக்கார்றதில்ல” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவர் எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். அன்று சாயங்காலம் முதலாளி எல்லோருக்கும் சமோசாவும் டீயும் வாங்கிக் கொடுத்தார். “கடைய விட்டுக் குடுக்காம பேசுன பாரு” என்று அவள் முதுகில் தட்டினேன். அவள் முகம் பூரித்துவிட்டது. அவளுக்குத் தேவையாக இருந்ததை நான் எவ்வளவு மலிவாகக் கொடுத்தேன்.

தீபாவளி சீசன் தொடங்கியது. அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது. முதலாளி அவளைக் கூப்பிட்டு, “எப்ப வேணும்னாலும் லீவு எடுத்துக்கம்மா. உன் இஷ்டம்” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். “உன் இஷ்டம்தான் பாப்பா. நாங்க எப்படியோ சமாளிச்சிக்குவோம்” என்றேன். அந்த ‘எப்படியோ’வை எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள், “தீபாவளி முடிஞ்சி போறேன் மொதலாளி” என்றாள்.

அந்த மூன்று வாரமும் அவள் எங்கள் யாரையும்விட அதிகம் நின்றாள். தன்னால் அடுத்தவருக்குக் கஷ்டம் என்று வந்துவிடக் கூடாது என்பதே அவளுக்கு வேலையாகிப் போனது. தண்ணீர் குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டும், அந்த நேரத்துக்குக் கவுன்டரை யாராவது பார்க்க வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்தாள். சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், புருஷனின் பெரிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அந்தக் காலைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை. விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிற வீக்கம்.

ஒன்பது பிறந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் அவள் ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப். ஒரு செவ்வாய் போகவில்லை. அடுத்த செவ்வாயும் போகவில்லை. நர்ஸம்மா போன் செய்தார், நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். “சீசனுங்க மேடம். எல்லாரும் நிக்கும்போது நான் மட்டும் எப்புடி வர்றது? தீபாவளிக்கு அடுத்த நாள் கண்டிப்பா வந்துடுறேன்” என்று கெஞ்சினாள். போனை வைத்துவிட்டு, ஏதோ தப்பு செய்து பிடிபட்டவள்போல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் போய்வா என்று சொல்லவில்லை. அன்று கடையில் நல்ல கூட்டம்.

தலைவலி என்று இரண்டு நாள் சொன்னாள். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஒரு கல்யாண வீட்டாருக்கு அரக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், “அக்கா, கண்ணு மறைக்கிது” என்றாள். நான் திரும்புவதற்குள் கவுன்டருக்குக் கீழே விழுந்திருந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. கல்யாண வீட்டார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். யாரோ இரும்பைக் கையில் கொடு என்று கத்தினார்கள்.

முதலாளி தன் காரிலேயே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வேட்டி செக்‌ஷன் பெரியவரும் காட்டன் பெண் ஒருத்தியும் கூடப் போனார்கள். நான் போகவில்லை. நான் தரையைத் துடைக்கச் சொன்னேன். அந்தக் கல்யாண வீட்டாரைப் பக்கத்துக் கவுன்டரில் உட்கார வைத்து, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து, அந்த அரக்குச் சேலையை நானே விற்றேன். “பாவம், சொந்தக் கார்ல அனுப்புறாரே, இந்த மாதிரி மொதலாளி எங்க கெடைப்பாரு!” என்று கல்யாண வீட்டு அம்மாள் ஒருவர் சொன்னபோது, ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. அவளைக் காப்பாற்றியதே பெரிய விஷயம் என்றார்கள். கால் வீங்கியபோதே வந்திருந்தால், ஒரு செக்கப்புக்கு வந்திருந்தால்கூட, பிரஷரைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று டாக்டர் அவள் புருஷனைத் திட்டினாராம். அவன் கடலில் கிடக்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் பட்டு செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் கடை விடுமுறை. விடுமுறை நாளில்தான் நான் அவளைப் பார்க்கப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கடை சார்பில் ஆப்பிளும் ஒரு சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போது அவள் கேட்கப் போகும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டேன். ஏன்க்கா என்னைப் போகச் சொல்லவில்லை என்று கேட்டால், நான் உன்னைத் தடுக்கவே இல்லையே பாப்பா என்று சொல்ல வேண்டும். முதலாளிகூட உன் இஷ்டம் என்றுதானே சொன்னார். எல்லாமே உண்மை. யாரும் குறை சொல்ல முடியாத உண்மை.

வார்டில் அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் அம்மா கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மூன்று நாளாக அவள் யாரோடும் பேசவில்லை, அழவுமில்லை என்று அம்மா சொன்னாள். “யார் வந்துருக்கா பாரும்மா. கடை அக்கா வந்துருக்காங்க” என்று தோளைத் தொட்டாள்.

அவள் திரும்பினாள். முகம் உப்பி, உதடு கடிபட்டு, ஆளே வேறாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். உட்கார முடியாமல், படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தயார் செய்த பதில்களை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“மன்னிச்சிடுங்கக்கா” என்றாள். “சீசன் நேரத்துல இப்புடிப் பண்ணிட்டேன். உங்களுக்கெல்லாம் எவ்ளோ கஷ்டம். என் கவுன்டர்ல யாருக்கா நின்னா?”

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அவள் காலில் விழ வேண்டும். இல்லையென்றால், தப்பு உன்னுடையது இல்லடி, என்னுடையது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயில் வேறு வந்தது.

“நான்தான் நின்னேன். பரவால்ல வுடு, அதெல்லாம் மனசுல வெச்சிக்காத” என்றேன்.

அவளை மன்னித்தேன்.

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. மூன்று நாளாக வராத அழுகை. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மொதலாளி கோவமா இருக்காராக்கா? நான் எப்ப வரலாம்?” என்று கேட்டாள்.

“கோவமெல்லாம் இல்ல. ஒடம்பத் தேத்திக்க. பொங்கலுக்கு முன்ன வந்துடு. உன் எடம் அப்புடியேதான் இருக்கு.”

“வந்துடுறேங்க்கா. பொங்கலுக்கு நின்னுடுவேன்” என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

கிளம்பியபோது அவள் அம்மா வராண்டா தாண்டி வாசல்வரை கூடவே வந்தாள். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க வந்து நாலு வார்த்த பேசுன பொறவுதாம்மா அதுக்கு உசுரே வந்துது. பெத்தவ என்னால முடியல. நீங்க நல்லாருக்கணும்” என்றாள். நான் சரிம்மா என்று கையை விடுவித்துக்கொண்டு, கடலூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.